பத்தாவது பாஸ் ஆன பிள்ளைக்கு ‘பசுமை’ வேலை கிடைக்குமா? அடுகோடி சொல்லும் பாடம்

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்துவிட்டால் போதும். அடுகோடி, நீலசந்திரா, கோரமங்களா பக்கத்துத் தமிழர் வீடுகளில் ஒரே பேச்சுதான். பையனை என்ன படிக்க வைப்பது? பெண்ணை எதில் சேர்ப்பது?

முன்பு இந்தக் கேள்விக்கு அடுகோடியில் சுலபமாகப் பதில் கிடைத்தது. “ஐ.டி.ஐ.யில் பிட்டர் படிக்கட்டும், இல்லையேல் டர்னர் படிக்கட்டும். மைக்கோவில் அப்ரண்டிசாக நுழைந்துவிட்டால் பிறகு கவலை இல்லை” என்பார்கள்.

இன்று அந்தப் பதில் மட்டும் போதாது. ஏன் போதாது, வேறு வழி என்ன என்பதைப் பார்ப்போம்.

மைக்கோ தந்த வாழ்வு

1951ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட ‘மோட்டார் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனி’யின் சுருக்கப் பெயர்தான் மைக்கோ. ஜெர்மனியின் பாஷ் நிறுவனத்துடன் தொடர்புடைய இந்தக் கம்பெனி, டீசல் என்ஜினுக்கான பம்புகளையும் பெட்ரோல் என்ஜினுக்கான ஸ்பார்க் பிளக்குகளையும் அடுகோடியில் தயாரித்தது.

1961இல் அதன் தொழிற்பயிற்சி மையம் ஏற்பட்டது. லேத்திலும் அளவுக் கருவிகளிலும் கை பழகிய இளைஞர்கள் அங்கிருந்து வெளிவந்தார்கள். பி.டி.எம். பக்கத்தில் ஒரு குடியிருப்புப் பகுதிக்கே ‘மைக்கோ லேஅவுட்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அந்த அளவுக்கு இந்தப் பகுதியின் வாழ்வோடு கலந்த ஆலை அது.

2008இல் கம்பெனியின் பெயர் ‘பாஷ் லிமிடெட்’ என்று மாறியது. பின்னர் உற்பத்தி வேலை மைசூர் ரோட்டில் உள்ள பிடதிக்கு நகர்ந்தது. அடுகோடி வளாகம் புதுப்பிக்கப்பட்டு, 2022 ஜூனில் ‘ஸ்பார்க் நெக்ஸ்ட்’ என்ற பெயரில் தொழில்நுட்ப வளாகமாகத் திறக்கப்பட்டது. இயந்திரம் ஓடிய இடத்தில் இன்று கம்ப்யூட்டர்கள் உள்ளன. ஸ்பார்க் பிளக் போய்விட்டது. ‘ஸ்பார்க்’ என்ற சொல் மட்டும் பெயர்ப் பலகையில் நிற்கிறது!

பம்பும் இல்லை, பிளக்கும் இல்லை

ஆலை இடம் மாறுவது புதிதல்ல. அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று வந்துகொண்டிருக்கிறது. மின்சார வண்டியில் டீசலைப் பீய்ச்ச பம்பு வேண்டாம். பெட்ரோலைப் பற்ற வைக்க பிளக் வேண்டாம். சைலன்சர், கார்புரேட்டர், என்ஜின் ஆயில் எதுவுமே அதற்குத் தேவையில்லை. அதாவது, அடுகோடி எதைச் செய்து புகழ் பெற்றதோ, அந்தப் பொருளே அந்த வண்டியில் இல்லை.

அதற்காக நாளைக்கே டீசல் வண்டிகள் நின்றுவிடும் என்று பயப்பட வேண்டாம். இன்றும் சாலையில் பெரும்பாலானவை பெட்ரோல், டீசல் வண்டிகள்தான். இப்போது வேலையில் இருப்பவர்களுக்கு உடனடி ஆபத்து இல்லை.

ஆனால் பிள்ளைகளின் கணக்கு வேறு. கரியமில வாயுவைக் காற்றில் சேர்ப்பதும் காற்றிலிருந்து நீக்குவதும் 2070ஆம் ஆண்டுக்குள் சமமாகிவிட வேண்டும் என்று இந்தியா இலக்கு வைத்துள்ளது. 2021 நவம்பரில் கிளாஸ்கோ மாநாட்டில் இது அறிவிக்கப்பட்டது. இன்று பதினாறு வயதில் ஐ.டி.ஐ. வாசலில் நிற்கும் பையனுக்கு அறுபது வயது ஆகும்போது, ஏறக்குறைய அந்த 2070 பிறந்திருக்கும். அவன் உழைக்கப் போகும் காலம் முழுவதும் இந்த மாற்றம் நடக்கும் காலமாகும். ஆகவே, எந்தத் தொழில் அந்தக் கடைசி வருஷம் வரை கை கொடுக்கும் என்று பார்த்துச் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

பழைய கைத்தொழிலே புதிய சாவி

‘பசுமை வேலை’ என்றதும் ஏதோ பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அது தவறு.

மொட்டை மாடியில் சூரிய ஒளி மின்சாரம் அமைப்பதை எடுத்துக்கொள்வோம். முதலில் இரும்புச் சட்டம் நிறுத்த வேண்டும். அது வெல்டரும் பிட்டரும் செய்யும் வேலை. பிறகு தகடுகளை இணைத்து வயர் இழுத்து, இன்வெர்ட்டர் பொருத்தி, எர்த் போட வேண்டும். அது எலக்ட்ரீஷியன் வேலை. வெயில் இருக்கும் வரை தகட்டிலிருந்து மின்சாரம் வந்துகொண்டே இருக்கும். வீட்டு மெயின் சுவிட்சை அணைத்தாலும் தகடு அடங்காது. இது தெரியாமல் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. ஆகவே முறையாகப் பயின்றவருக்குத்தான் இங்கே மதிப்பு.

ஒரு கோடி வீடுகளில் இத்தகைய அமைப்பைக் கொண்டுவருவது 2024இல் தொடங்கிய மத்திய அரசின் ‘சூர்ய கர்’ திட்டத்தின் நோக்கமாகும். மூன்று கிலோவாட் அமைக்கும் வீட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று அறிவிக்கப்பட்டது. அத்தனை மாடிகளிலும் யாராவது ஏறித்தானே ஆக வேண்டும்? அமைத்த பின் கழுவவும் பழுது பார்க்கவும் ஆள் வேண்டும்.

மின்சார வண்டியும் அப்படித்தான். என்ஜின் இல்லை என்றாலும் பிரேக், பேரிங், சக்கரம், ஷாக் அப்சார்பர் எல்லாம் உண்டு. கூடவே மோட்டார், பேட்டரி, கன்ட்ரோலர், சார்ஜர் சேர்கின்றன. பழைய மெக்கானிக் மின்சாரம் கற்றுக்கொண்டால் போதும், வண்டி அவர் கைக்கு வந்துவிடும்.

ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ‘மெக்கானிக் எலக்ட்ரிக் வெகிக்கிள்’ என்ற இரண்டு வருஷப் படிப்பும், ‘சோலார் டெக்னீஷியன்’ என்ற ஒரு வருஷப் படிப்பும் உள்ளன. இரண்டுக்கும் பத்தாவது பாஸ் ஆகியிருக்க வேண்டும். இவை பக்கத்தில் கிடைக்காவிட்டால் பழைய எலக்ட்ரீஷியன் படிப்பே போதுமானது. அதை முடித்தவருக்கு இரண்டு பக்கமும் கதவு திறந்திருக்கும்.

ஓசூர் ரோட்டில் திரும்பும் காற்று

தர்மபுரியிலிருந்தும் சேலத்திலிருந்தும் வட ஆர்க்காட்டிலிருந்தும் வேலை தேடி நம்மவர்கள் பெங்களூர் வந்த வழிகளில் ஓசூர் ரோடும் ஒன்று. இன்று அதே ரோட்டில் காற்று திரும்பி வீசுகிறது.

இந்தியாவின் ஆரம்பகால மின்சாரக் கார்களில் ஒன்றான ‘ரேவா’ 2001இல் விற்பனைக்கு வந்தது. அது உருவானது ஓசூர் ரோட்டில் உள்ள பொம்மசந்திராவில்தான். எல்லை தாண்டி ஓசூரில் டி.வி.எஸ். கம்பெனி மின்சார ஸ்கூட்டர் செய்கிறது. சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர்கள் தொடங்கிய ஏத்தர் கம்பெனியின் ஆலையும் 2021 முதல் ஓசூரில் உள்ளது. இன்னும் சற்றுத் தள்ளி, கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கத்தில் ஓலா ஆலை எழுந்தது. அதில் பெண்களே வேலை செய்வார்கள் என்று 2021இல் அறிவிக்கப்பட்டது. பெண் பிள்ளைக்கு இந்தத் தொழில் ஆகாது என்று இனி யாரும் சொல்வதற்கில்லை.

2025 ஆகஸ்டில் மெட்ரோ ரயிலின் மஞ்சள் தடம் பொம்மசந்திரா வரை வந்துவிட்டதால், அந்தப் பக்கம் போய்வருவதும் முன்பைவிட எளிதாகி இருக்கிறது.

குமாஸ்தாக்களுக்கும் இடம் உண்டு

கையில் ஸ்பானர் பிடிப்பவருக்கு மட்டும்தான் வேலை என்று எண்ண வேண்டாம். மானிய மனு எழுதுவது, மின்வாரிய அனுமதிக்கு அலைவது, ஸ்டோர் கணக்கு, பில், பழுது புகார்ப் பதிவு எல்லாம் இந்தத் தொழிலிலும் உண்டு. கம்ப்யூட்டரில் கணக்கு வைக்கத் தெரிந்து, தமிழ், கன்னடம் இரண்டிலும் வாடிக்கையாளரோடு பேசத் தெரிந்தவரைக் கம்பெனிகள் தேடி எடுக்கும்.

ஆலைகளில் சூப்பர்வைசராக இருப்பவர்களுக்கு இன்னொரு படி இருக்கிறது. மின்சாரம், எரிபொருள் விரயத்தைக் கண்டுபிடிக்கும் ‘எனர்ஜி மானேஜர்’ பதவிக்கு மத்திய அரசின் எரிசக்திச் சிக்கன அமைப்பு தேர்வு நடத்துகிறது. டிப்ளமோ என்ஜினியர்களும் இத்துறையில் ஆறு வருஷ அனுபவம் இருந்தால் அதை எழுதலாம்.

பெயர் பசுமை, கூலி?

இங்கே ஓர் எச்சரிக்கையும் தேவை. வேலை பசுமையாக இருப்பதால் மட்டும் சம்பளம் பசுமையாகிவிடாது.

பெங்களூரில் 2021 முதல் ஓடும் மின்சார பஸ்களைப் பாருங்கள். கண்டக்டர் பி.எம்.டி.சி. ஊழியர். பஸ்ஸை ஓட்டும் டிரைவரோ ஒப்பந்தக் கம்பெனியின் ஆள். ஒரே பஸ்ஸில் இரண்டு முதலாளிகள்!

குப்பையைப் பொறுக்கி, பிரித்து, மறு உபயோகத்துக்கு அனுப்புகிறவர்களும் பசுமைத் தொழிலாளர்களே. பெங்களூரில் அவர்களில் பலர் தமிழ் பேசுவோர். ஊர் குளிரக் காலமெல்லாம் உழைத்தவர்களுக்கு மாநகராட்சியின் அடையாள அட்டை கிடைக்கத் தொடங்கியது 2011இல்தான். அவர்களுக்காகப் பாடுபடும் அமைப்பின் பெயர் ‘ஹசிரு தளா’. கன்னடத்தில் பசுமைப் படை என்று பொருள்.

ஆகவே வேலையில் சேரும் முன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். நியமனக் கடிதம் யார் பெயரில் வரும்? பி.எப்., இ.எஸ்.ஐ. உண்டா? மாடியில் ஏறுவோருக்குப் பாதுகாப்புப் பெல்ட்டும், பேட்டரி வேலைக்கு மின்சாரம் பாயாத கையுறையும் கம்பெனி தருமா?

செய்ய வேண்டியது என்ன?

‘மூன்று மாதத்தில் சோலார் படிப்பு, உடனே வேலை’ என்று நோட்டீஸ் ஒட்டுகிறவர்களிடம் பணத்தைக் கட்டிவிடாதீர்கள். அந்தச் சான்றிதழுக்கு அரசு அங்கீகாரம் உண்டா என்று முதலில் விசாரியுங்கள். கர்நாடக அரசின் தொழிற்பயிற்சித் துறை அலுவலகமான கௌசல்ய பவன், அடுகோடிக்குப் பக்கத்திலேயே டெய்ரி சர்க்கிளில் உள்ளது. நேரில் போய்க் கேட்க ஒரு நாள் லீவு எடுத்தாலும் நஷ்டமில்லை.

அடுத்து, ஐ.டி.ஐ. முடித்ததும் அப்ரண்டிஸ் பயிற்சியை விட்டுவிடக் கூடாது. வெளியில் வயரிங் வேலை செய்வதானால் மின் ஆய்வுத் துறையின் வயர்மேன் பெர்மிட்டையும் வாங்கிக்கொள்ள வேண்டும். கன்னடம் எழுதப் படிக்கப் பழகுவது அவசியம். பெஸ்காம் அலுவலகத்திலும் வாடிக்கையாளர் வீட்டிலும் அதுதான் கை கொடுக்கும்.

மைக்கோவில் உழைத்த தகப்பனார் தம் மகனுக்கு அந்த வேலையை இன்று வாங்கித் தர முடியாது. ஆனால் அளவு பிசகாமல் செய்யும் கைப்பழக்கத்தையும், நேரத்துக்கு ஷிப்டு போகும் ஒழுங்கையும் தர முடியும். பம்புக்கு உதவிய அந்தச் சொத்து சூரியத் தகட்டுக்கும் உதவும். ஐ.டி.ஐ. மனு கொடுக்கும் கடைசித் தேதி தாண்டும் முன் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்யுங்கள்.