கம்பெனிகள் எந்தக் கட்சிக்கு நன்கொடை தருது? எங்கே பார்த்துத் தெரிஞ்சுக்கலாம்?

மாசாமாசம் எஸ்ஐபி போடுறீங்களா? அப்படின்னா பல பெரிய கம்பெனிகளில் உங்க பணமும் கொஞ்சம் இருக்கு. அந்தக் கம்பெனி ஒரு கட்சிக்கு நன்கொடை கொடுத்தால், அதில் உங்க காசும் சேர்ந்துதான் போகுது. சட்டம் என்ன சொல்கிறது?

யார் தரலாம்?

கம்பெனிகள் சட்டம் 2013, பிரிவு 182-ன்படி, தொடங்கி 3 ஆண்டுகள் முடிந்த நிறுவனங்கள் நன்கொடை தரலாம். அரசு நிறுவனங்கள் தரக் கூடாது. இயக்குநர் குழு தீர்மானம் போட்டால் போதும். பங்குதாரர்களைக் கேட்க வேண்டியதில்லை. பிரிட்டனில் கதையே வேற. 12 மாதங்களில் 5,000 பவுண்டைத் தாண்டினால் பங்குதாரர்களின் ஒப்புதல் கட்டாயம்.

2017-ல் என்ன மாறியது?

அதுவரை, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதம்தான் உச்சவரம்பு. கட்சியின் பெயரையும் கணக்கில் காட்ட வேண்டும். 2017 நிதிச் சட்டம் இரண்டையும் நீக்கியது. நஷ்டத்தில் ஓடும் கம்பெனிகூட எவ்வளவு வேணும்னாலும் தரலாம் என்றானது. 2018-ல் தேர்தல் பத்திரமும் வந்தது.

2024 பிப்ரவரி 15-ல் உச்ச நீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் அமர்வு பத்திரத் திட்டத்தையும், இந்தத் திருத்தங்களையும் ஒருமனதாக ரத்து செய்தது. பிறகு வெளியான பட்டியலில் முதலிடம், கோவையில் பதிவு செய்யப்பட்ட லாட்டரி நிறுவனமான ஃபியூச்சர் கேமிங்குக்கு. அது வாங்கிய பத்திரங்கள் 1,368 கோடி ரூபாய்க்கு.

இனி எல்லாமே வெளிப்படையா?

முழுசா இல்லை. தேர்தல் அறக்கட்டளை என்று ஒரு வழி 2013 முதல் இருக்கு. கம்பெனிகள் அறக்கட்டளைக்குத் தரும். அது கட்சிகளுக்குப் பிரித்துத் தரும். யார் கொடுத்தார்கள், யார் வாங்கினார்கள் என்ற பட்டியல் தேர்தல் ஆணையத்துக்குப் போகும். ஆனால் பணம் ஒரே பையில் கலந்துவிடுவதால், எந்தக் கம்பெனியின் பணம் எந்தக் கட்சிக்குப் போனது என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

லாபியிங்?

அரசின் கொள்கையைத் தங்களுக்குச் சாதகமாக மாற்ற நிறுவனங்கள் செய்யும் முயற்சிதான் லாபியிங். அமெரிக்காவில் 1995 சட்டப்படி, இதற்கு எவ்வளவு செலவழித்தோம் என்று கணக்குக் காட்டணும். இந்தியாவில் இதற்கெனத் தனிச் சட்டமே இல்லை.

எங்கே பார்ப்பது?

* ஆண்டறிக்கையைத் திறந்து, லாப நஷ்டக் கணக்கின் குறிப்புகளில் 'அரசியல் நன்கொடை' என்று தேடுங்க. அறக்கட்டளைக்குத் தந்ததையும் கவனிங்க.

* சந்தை மதிப்பில் முதல் 1,000 பட்டியலிட்ட நிறுவனங்கள், செபி விதிப்படி பிஆர்எஸ்ஆர் அறிக்கை தரணும். அதில் 7-வது கொள்கையைப் பாருங்க. எந்தெந்தத் தொழில் சங்கங்களில் உறுப்பினர் என்பது இருக்கும். எந்தக் கொள்கைக்காக அரசிடம் பேசியது என்பதைச் சொல்வது மட்டும் கம்பெனியின் விருப்பம்.

* அறக்கட்டளைகளின் அறிக்கைகள் தேர்தல் ஆணைய இணையதளத்தில் கிடைக்கும்.

நேரடியாகப் பங்கு வைத்திருந்தால், ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நீங்களே கேட்கலாம். தீர்மானம் போடுவது இயக்குநர்கள். ஆனால் போகும் பணம் பங்குதாரர்களுடையது.