விற்றவனே கொடுக்கட்டும் – 7: மணிச்சன் கட்டாத 30.45 லட்சம்

போதைப்பொருள் விற்றவனிடம் நஷ்டஈடு கேட்க வழிசெய்யும் அமெரிக்காவின் மிச்சிகன் சட்டத்தைப் பற்றிய பேச்சு சென்ற வாரத்தோடு முடிந்தது. எந்தக் கையிலிருந்து வந்த பொட்டலம் பிள்ளையைக் கொன்றது என்று தாய் நிரூபிக்க வேண்டியதில்லை. அதே வட்டாரத்தில், அதே காலத்தில், அதே சரக்கை விற்றவன் என்று காட்டினால் போதும் என்பது வாசகர்களுக்கு நினைவிருக்கும்.

இந்த வாரம் ஆந்திரத்தின் விஜயபுரம், நகரி, புத்தூர் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் இறங்கும் கஞ்சாவைப் பற்றி எழுதுவதாக இருந்தது. அதற்கு முன் கேரளத்தின் அப்காரி (மது) சட்டத்தைச் சொல்லியாக வேண்டும். அதன் 57பி பிரிவு அவ்வளவு முக்கியமானது.

1982 ஓணத்தின்போது கொச்சியை அடுத்த வைப்பினில் விஷச் சாராயம் குடித்து 70க்கும் மேற்பட்டோர் இறந்தனர். பலருக்குக் கண் போனது. விற்றவை உரிமம் பெற்ற சாராயக் கடைகள். அதன்பின் சட்டத்தில் சேர்ந்ததுதான் 57பி. சாராயத்தால் சாவோ காயமோ நேர்ந்தது என்று நீதிமன்றம் கண்டால், தயாரித்தவனும் விற்றவனும் இழப்பீடு தரும்படி உத்தரவிடலாம். அவன் குற்றவாளி என்று தீர்ப்பாகியிருக்க வேண்டும் என்பதுகூட இல்லை! தண்டனை ஒரு கணக்கு, இழப்பீடு வேறு கணக்கு என்று இவ்வளவு தெளிவாகப் பிரித்த சட்டம் நம் நாட்டில் அபூர்வம். பி.என். கிருஷ்ணலால் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இது செல்லும் என்றது.

எழுத்தில் இப்படி. நடப்பில்?

2000 அக்டோபரில் கொல்லம் மாவட்டம் கல்லுவாதுக்கலில் மெத்தனால் கலந்த சாராயம் 31 உயிர்களைக் குடித்தது. சரக்கு வந்தது மணிச்சன் என்கிற சந்திரனிடமிருந்து. நிலத்தடித் தொட்டிகளில் சாராயத்தைப் பதுக்கி வைத்து வியாபாரம் செய்தவர் அவர். ஆயுள் தண்டனை கிடைத்தது, அபராதம் 30.45 லட்சம் ரூபாய். இறந்தவர்களின் குடும்பங்களுக்கு மட்டும் பங்கிட்டாலும் தலைக்கு ஒரு லட்சம் தேறாத தொகை. அதுவும் வரவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்த அவரை, அபராதம் கட்டாமலே விடுவிக்கும்படி 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. கள்ளச்சாராயத்தைத் தடுக்க முடியாத அரசே அந்தப் பணத்தைப் பாதிக்கப்பட்டோருக்குக் கொடுத்தால் என்ன என்றும் விசாரணையில் நீதிபதிகள் கேட்டனர்.

பீகாரிலும் இதே கதைதான். அங்கே 2016ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டப்படி சாவுக்குக் குறைந்தது 4 லட்சம் ரூபாயை விற்றவனிடம் வசூலிக்க வழியுண்டு. 2023இல் அதே 4 லட்சத்தைத் தருவதாக அறிவித்தது முதலமைச்சர் நிவாரண நிதி.

கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 2024 ஜூனில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் கொடுத்தது தமிழக அரசு. கொடுத்தது சரி; ஆனால் அது வரிப்பணம். அதே மாதம் சட்டமன்றத்தில் திருத்தப்பட்ட மதுவிலக்குச் சட்டம், சாவுக்குக் காரணமானவனுக்கு ஆயுள் தண்டனையோடு குறைந்தது 10 லட்சம் அபராதமும் விதிக்கிறது. நீதிமன்றம் தனியே உத்தரவிட்டால் ஒழிய அந்த அபராதம் போய்ச் சேர்வது கருவூலத்துக்குத்தான். கஞ்சா வியாபாரியின் வீடும் நிலமும் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் சட்டப்படி பறிமுதலானால் மத்திய அரசுக்குப் போகின்றன. பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டுக்கு அதில் ஒரு பைசா பங்கில்லை. இது அநியாயம், மாற்றப்பட வேண்டிய அநியாயம்.

வேறு வழியே கிடையாதா? உண்டு. பிறர் செய்த தவறால் உயிர் போனால் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் சார்பில் நஷ்டஈடு கேட்டு உரிமையியல் வழக்குத் தொடுக்க 1855ஆம் ஆண்டின் ஒரு சட்டம் இடம் தருகிறது. சாவு நடந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குப் போட வேண்டும். அந்தப் பழைய சட்டத்தைக் கஞ்சா வியாபாரி மீது பாய்ச்ச முடியுமா என்பதை, விஜயபுரம் பாதையோடு சேர்த்து, அடுத்த வாரம் பார்ப்போம்.

அதுவரை ஒரு வேண்டுகோள். வீட்டில் இப்படியொரு சாவு நடந்திருந்தால் முதல் தகவல் அறிக்கை, பிரேதப் பரிசோதனை அறிக்கை, ஆஸ்பத்திரி ரசீதுகள் எதையும் தொலைத்துவிடாதீர்கள். ஆந்திரப் பக்கம் கஞ்சா விற்பனை கண்ணில் பட்டால் 1972 என்ற கட்டணமில்லா எண்ணுக்குச் சொல்லுங்கள்.

(தொடரும்)