முள் இல்லாத கள்ளி

மைசூர் அக்ரஹாரத்துப் பழைய வீடுகளில் துளசிக்கும் மல்லிகைக்கும் உள்ள மரியாதை முள் செடிக்குக் கிடையாது. "முள் செடி வீட்டுக்கு ஆகாது" என்பது பாட்டிமார்களின் தீர்ப்பு. (ரோஜாவுக்கு மட்டும் எப்படியோ விலக்கு உண்டு!) அந்தத் தீர்ப்புக்குக் கட்டுப்பட்டுக்கொண்டே பாலைவனச் செடி ஒன்றையும் வளர்க்க ஆசைப்படும் அன்பர்களுக்கு ஏற்றது நட்சத்திரக் கள்ளி. அதன் மேல் ஒரு முள்கூட இராது.

தட்டையான சிறு பூசணி போன்ற உருவம். உள்ளங்கையில் அடங்கும் அளவு. சாம்பல் கலந்த பச்சை உடலைப் பெரும்பாலும் எட்டுப் பிரிவுகளாகக் கோடுகள் பிரிக்கின்றன. ஒவ்வொரு பிரிவின் நடுவிலும் பஞ்சு ஒட்டியதுபோல் வெண்பொட்டுகள் வரிசையாக இருக்கும். உச்சியில் மலரும் மஞ்சள் பூவின் நடுப்பகுதி சிவப்பு. தாவர நூலார் இதற்கு இட்ட பெயர் ஆஸ்ட்ரோஃபைட்டம் ஆஸ்டீரியஸ்.

கள்ளி என்றதும் நமக்கு நினைவு வருவது திருகுகள்ளியும் சதுரக்கள்ளியும். கிள்ளினால் பால் வடியும் அவை ஆமணக்குக் குடும்பத்தைச் சேர்ந்தவை. காக்டஸ் குடும்பத்துக்குத் தாயகம் அமெரிக்கக் கண்டம். நம் வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியும் அங்கிருந்து வந்து குடியேறியதுதான். அது யாரும் கவனிக்காமலே பெருகி நிலங்களை அடைத்துக்கொண்டதால், 1926-இல் இலங்கையிலிருந்து அதைத் தின்னும் ஒருவகைப் பூச்சியைத் தருவித்து ஒழிக்க வேண்டியதாயிற்று.

நட்சத்திரக் கள்ளியின் கதை இதற்கு நேர்மாறு. அமெரிக்காவின் டெக்ஸாஸ் தென்கோடியிலும் அதை அடுத்த வடகிழக்கு மெக்ஸிகோவிலும் மட்டுமே இது தானாக வளர்கிறது. முட்காடுகளை அழித்து நிலமாக்கியதும், சேகரிப்போர் வேரோடு தோண்டிச் சென்றதும் இதைப் பெரிதும் குறைத்துவிட்டன. பெயோட்டி என்ற போதைக் கள்ளி என நினைத்து அறுத்துப் போகிறவர்களும் உண்டு. 1987-இல் சர்வதேச வர்த்தக ஒப்பந்தத்தின் மிகக் கடுமையான பட்டியலில் இது சேர்க்கப்பட்டது. 1993-இல் அமெரிக்க அரசும் அழியும் நிலையில் உள்ள செடியாக அறிவித்தது. ஆகவே வாங்குகிறவர்கள் நர்ஸரியில் விதையிலிருந்து வளர்த்த செடிதானா என்று கேட்டே வாங்க வேண்டும்.

இனி வளர்ப்பு. பாலைவனச் செடிதானே என்று மொட்டை மாடியில் உச்சி வெயிலில் வைப்பது முதல் தவறு. சொந்த ஊரில் இது முட்புதர்களின் நிழலில், பாதி மண்ணில் புதைந்து வாழ்வது. காலை வெயில் பட்டு, நண்பகலில் நிழல் விழும் இடமே உத்தமம். சித்திரை வெயிலில் நேராக நின்றால் மேல்தோல் வெந்து தழும்பாகிவிடும்.

இரண்டாவது தவறு அன்பு. இங்கே கள்ளியைக் கொல்வது வறட்சி அல்ல, தண்ணீர்ச் செம்பு. மைசூரில் ஆண்டுக்குச் சுமார் 800 மில்லிமீட்டர் மழை. மே மாதத்து இடிமழையும் ஐப்பசி அடைமழையும் தொட்டியில் நேராகக் கொட்டினால் செடி மேலே பச்சையாக இருக்கும்போதே அடியில் அழுகத் தொடங்கிவிடும். கை வைத்தால் கொழகொழவென்று அமுங்கும்போதுதான் விஷயம் தெரியும். அப்போது செய்வதற்கு ஒன்றும் இல்லை. மழை மாதங்களில் தொட்டியைத் தாழ்வாரத்துக்கோ வெளிச்சமுள்ள ஜன்னலோரத்துக்கோ மாற்றிவிடுங்கள்.

வேர் முள்ளங்கிபோல் கீழே இறங்கும். ஆகவே சற்று ஆழமான மண் தொட்டி தேவை. முக்கால் பங்கு பருமணலும் பொடித்த செங்கல் ஜல்லியும், கால் பங்கு மக்கிய இலையுரமும் போதும். மண் அடிவரை காய்ந்த பிறகே தண்ணீர்; அதையும் செடியின் தலையில் ஊற்றாமல் ஓரமாக விட வேண்டும். மார்கழி, தை மாதங்களில் ஏறக்குறைய பட்டினி போடலாம். அப்போது செடி சுருங்கி மண்ணோடு மண்ணாகப் பதுங்குவதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். மாவுப்பூச்சி தென்பட்டால் ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்தால் போகும்.

கடைகளில் வேறொரு கள்ளித் தண்டின் மேல் ஒட்டுக் கட்டிய செடியும் கிடைக்கிறது. ஒட்டுச் செடி வேகமாக வளரும், ஆனால் பார்க்க அழகில்லை என்பது என் அபிப்பிராயம். விதைச் செடி பூக்க நாலைந்து வருஷம் ஆகலாம். அவசரக்காரர்கள் ஒட்டையே வாங்கிக்கொள்ளட்டும்.

ஒரு விசேஷம் உண்டு. தன் பூவின் மகரந்தம் இதற்குச் சேராது. ஒற்றைச் செடி வருஷாவருஷம் பூத்தாலும் காய்க்காது. விதையிலிருந்து பிறந்த இன்னொரு செடி அதே சமயத்தில் பூத்திருக்க வேண்டும். அடுத்த வீட்டிலும் ஒன்று இருந்தால் நல்லது. வெயில் ஏறி இரண்டும் விரிந்த வேளையில், மெல்லிய தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை மற்றதன் சூல்முடியில் தடவினால் காய் பிடிக்கும். காய் முற்றிக் காய்ந்து பிளக்கும்போது, சிறு கிண்ணம் போன்ற கரும்பழுப்பு விதைகள் கிடைக்கும். அவற்றை மூடாமல் ஈர மணலின் மேலேயே தூவி, தொட்டி வாயில் பாலிதீன் தாளைக் கட்டி நிழலில் வைத்தால் ஒரு வாரத்துக்குள் பச்சைக் கடுகுபோல் முளைகள் தெரியும். நாளாக ஆக விதையின் முளைக்கும் சக்தி குறையும் என்பதால், கிடைத்த வருஷத்திலேயே விதைத்துவிட வேண்டும். பாதியை அடுத்த வீட்டாருக்கும் கொடுத்துவிட வேண்டும்.