லைட்டா ஒரு சந்தேகம்: டீக்கடை முதல் டிரைவிங் லைசென்ஸ் வரை ‘லைட்’டுக்கு எத்தனை அர்த்தம்?

“மாஸ்டர், லைட்டா ஒரு டீ.” இப்படிச் சொன்னால் டிக்காஷன் குறையும், பால் கூடும். அதே கடையில் சாயங்காலம் “தம்பி, லைட்டைப் போடு” என்றால் பையன் சுவிட்சைத் தேடிப் போவான். இரண்டு இடத்திலும் யாருக்கும் குழப்பமில்லை. ஆனால், இதே வார்த்தை ஒரு எண்ணெய் பாட்டிலிலோ, ஆபீஸ் மெயிலிலோ, டிரைவிங் லைசென்ஸிலோ வரும்போது கதை மாறுகிறது. அங்கே தப்பாகப் புரிந்துகொண்டால் காசும் போகலாம், உடம்பும் கெடலாம். உச்ச நீதிமன்றம் வரை போன ‘லைட்’கூட ஒன்று உண்டு.

உண்மையில் இது இரண்டு வார்த்தை

வெளிச்சத்தைச் சொல்லும் ‘லைட்’டும், கனமில்லாததைச் சொல்லும் ‘லைட்’டும் ஒரே வார்த்தையின் இரண்டு அர்த்தங்கள் அல்ல. பிறப்பிலேயே இரண்டும் வேறு வேறு. வெளிச்ச ‘லைட்’டின் வேர், பிரகாசத்தைக் குறிக்கும் மிகப் பழைய ஒரு சொல். லத்தீனில் ஒளியைக் குறிக்கும் ‘லக்ஸ்’, கிரேக்கத்தில் வெள்ளையைக் குறிக்கும் ‘லியூகோஸ்’ எல்லாம் அதன் சொந்தங்கள்தான். ரத்தப் புற்றுநோயான லுகேமியாவின் பெயரும் அந்த வெள்ளையிலிருந்து வந்ததே. அந்த நோயில் வெள்ளை அணுக்கள் தாறுமாறாகப் பெருகும்.

எடை குறைந்த ‘லைட்’டின் குடும்பம் வேறு. நுரையீரலுக்கான ‘லங்’ என்ற ஆங்கிலச் சொல் அந்தக் குடும்பத்தில்தான் வருகிறது. உடலின் மற்ற உறுப்புகளோடு பார்த்தால் காற்று நிறைந்த நுரையீரல் கனமில்லாதது. அதனால் அந்தப் பெயர். ரயிலிலிருந்து இறங்குவதைச் சொல்லும் ‘அலைட்’டும் இதே வீட்டுப் பிள்ளைதான். குதிரை மேலிருந்து ஆள் இறங்கினால் குதிரையின் பாரம் குறையுமல்லவா? அந்த அர்த்தம்தான் இன்றைக்கு சிங்கப்பூர் எம்.ஆர்.டி. அறிவிப்பு வரைக்கும் வந்து நிற்கிறது.

பழைய ஆங்கிலத்திலேயே இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி ஒலித்தன. போகப்போக உச்சரிப்பும் எழுத்தும் முழுசாக ஒன்றாகிவிட்டன. ஜெர்மன் மொழியில் இன்றும் வெளிச்சத்துக்கு ‘லிஷ்ட்’, கனமில்லாததுக்கு ‘லைஷ்ட்’ என்று பிரித்துத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலம் படிக்கும்போது எல்லோரையும் படுத்துகிற அந்த ‘ஜி.எச்.’ இருக்கிறதே, அது ஒரு காலத்தில் தொண்டையிலிருந்து நிஜமாகவே ஒலித்த எழுத்து. சத்தம் போய்விட்டது, ஸ்பெல்லிங் மட்டும் தங்கிவிட்டது.

நம்ம ஊர் ‘லைட்டா’

தமிழ் இரண்டையும் வாங்கி, மூன்றாவதாக ஒன்றைத் தானே சேர்த்துக்கொண்டது. “லைட்டா தலை வலிக்குது”, “லைட்டா பசிக்குது”, “லைட்டா லேட் ஆகும்”. இங்கே வெளிச்சமும் இல்லை, எடையும் இல்லை. ‘கொஞ்சம்’ என்று அர்த்தம். நம்மிடம் ஏற்கெனவே ‘லேசா’ என்ற சொல் இருந்தது. சிறு துளியைக் குறிக்கும் சமஸ்கிருத ‘லேச’ வழியாக வந்தது அது. கனமின்மை, கொஞ்சம், சுலபம் என்று மூன்று வேலையும் பார்க்கும். ஒலியும் பொருளும் பக்கத்தில் இருந்ததால் ‘லைட்டா’ அப்படியே ‘லேசா’வின் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது. (“லைட்டா லேட்” என்பது பத்து நிமிஷமா, ஒரு மணி நேரமா என்பதை மட்டும் இதுவரை எந்த அகராதியும் சொல்லவில்லை.)

சிக்கல், இந்தத் தமிழ் ‘லைட்’டைத் திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும்போது வருகிறது. “டேக் இட் லைட்” நமக்குள் ‘கவலைப்படாதே’. ஆனால், ஆங்கிலத்தில் ஒரு விஷயத்தை ‘லைட்லி’ எடுத்துக்கொள்வது அலட்சியம். வாடிக்கையாளரின் புகாருக்கு பதில் எழுதும்போது இந்த வித்தியாசம் முக்கியம். உங்கள் அறிக்கை ‘லைட் ஆன் டீடெய்ல்ஸ்’ என்று மேனேஜர் எழுதினால் அது பாராட்டு இல்லை. விவரம் போதவில்லை என்று அர்த்தம். ஒரு மெயில் ‘இன் லைட் ஆஃப்’ என்று தொடங்கினால், ‘இந்தச் சூழலைக் கருத்தில் கொண்டு’ ஏதோ ஒரு முடிவு அடுத்த வரியில் காத்திருக்கிறது. நிதானமாகப் படியுங்கள்.

இன்னும் சில இடறல்கள். ‘லைம்லைட்’டில் இருக்கும் லைம் எலுமிச்சை அல்ல, சுண்ணாம்பு. 19-ம் நூற்றாண்டு நாடக மேடைகளில் சுண்ணாம்புக் கட்டியைக் கடும் தீயில் சூடேற்றி, அதன் வெள்ளை வெளிச்சத்தை நடிகர்மேல் பாய்ச்சினார்கள். ‘லைட் இயர்’ ஒரு காலக்கணக்கு என்று நினைப்பவர்கள் நிறைய. அது தூரம், ஒளி ஓர் ஆண்டில் கடக்கும் சுமார் 9.46 லட்சம் கோடி கிலோமீட்டர்.

பாட்டிலில் ‘லைட்’, பாக்கெட்டில் ‘லைட்’

சூப்பர் மார்க்கெட்டில் ‘லைட்’ ஆலிவ் ஆயில் என்று ஒன்று இருக்கும். டயட்டில் இருப்பவர் கை தானாக அதன் பக்கம் போகும். அதில் கலோரி குறைவில்லை. எந்தச் சமையல் எண்ணெயானாலும் ஒரு கிராமுக்குச் சுமார் 9 கலோரிதான். அங்கே ‘லைட்’ என்பது நிறத்தையும் வாசனையையும் மட்டுமே குறிக்கிறது. சுத்திகரித்த எண்ணெயோடு கொஞ்சம் விர்ஜின் எண்ணெய் சேர்த்தது, அவ்வளவே. கொழுப்பு குறைவு என்று நினைத்து இரண்டு ஸ்பூன் கூடுதலாக ஊற்றினால் நஷ்டம் வாங்கியவருக்குத்தான்.

நாட்டுக்கு நாடு விதியும் வேறு. அமெரிக்காவில் ஓர் உணவை ‘லைட்’ என்று விற்க, வழக்கமான உணவைவிட கலோரி மூன்றில் ஒரு பங்கோ, கொழுப்பு பாதியோ குறைந்திருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஐரோப்பிய ஒன்றியத்தில் குறைந்தது 30 சதவீதம் குறைய வேண்டும். எது குறைந்தது என்பதையும் எழுத வேண்டும். பாக்கெட்டின் முன்பக்கத்து வார்த்தையைவிடப் பின்பக்கத்து ஊட்டச்சத்து அட்டவணையை நம்புவது நல்லது.

எண்ணெயில் போவது காசும் கலோரியும். சிகரெட்டில் இந்த வார்த்தை உயிரோடு விளையாடியது. ‘லைட்’ சிகரெட்டின் பில்டரைச் சுற்றிக் கண்ணுக்குச் சட்டென்று தெரியாத சிறு துளைகள் இருக்கும். சோதனை இயந்திரம் இழுக்கும்போது அந்தத் துளை வழியாகக் காற்று கலந்து, தார் அளவு குறைவாகக் காட்டும். மனிதன் இயந்திரம் அல்ல. அவனுடைய விரலோ உதடோ துளையை மூடிவிடும். நிகோடின் போதவில்லை என்றால் இன்னும் ஆழமாக இழுப்பான். நுரையீரலுக்குப் போய்ச்சேர்வதில் பெரிய வித்தியாசமில்லை. ஆனால், ‘விட முடியல, அட்லீஸ்ட் லைட்டுக்கு மாறிட்டேன்’ என்று ஆறுதல்பட்டவர்கள் ஏராளம். எடை குறைந்தது என்ற அர்த்தத்திலிருந்து, ஆபத்து குறைந்தது என்ற அர்த்தம் சத்தமில்லாமல் முளைத்துவிட்டது.

2006-ல் அமெரிக்க நீதிபதி கிளாடிஸ் கெஸ்லர், இது தெரிந்தே செய்த ஏமாற்று என்று தீர்ப்பளித்தார். 2009-ல் வந்த சட்டத்தின்படி 2010 ஜூன் முதல் அங்கே இந்த வார்த்தைக்கு சிகரெட் பெட்டியில் இடமில்லை. நிறுவனங்கள் ‘கோல்டு’, ‘சில்வர்’ என்று நிறங்களுக்கு மாறிக்கொண்டன என்பது வேறு கதை. இந்தியா 2004-ல் ஏற்றுக்கொண்ட உலக சுகாதார அமைப்பின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையிலும், தவறான எண்ணம் தரக்கூடிய சொற்களுக்கு உதாரணமாக ‘லைட்’ பெயர் சொல்லிக் குறிப்பிடப்பட்டிருக்கிறது.

குட்டி யானையும் ‘லைட்’தான்

இனி லைசென்ஸ். உங்கள் பர்ஸில் இருக்கும் அட்டையில் ‘எல்.எம்.வி.’ என்று இருந்தால் அதன் முதல் எழுத்து இந்த ‘லைட்’. இலகுரக மோட்டார் வாகனம். எவ்வளவு இலகு? மோட்டார் வாகனச் சட்டம் சொல்வது 7,500 கிலோ. சரக்கு வண்டி என்றால் அதிகபட்சச் சுமையோடு சேர்த்து இந்த எடை. கார், டிராக்டர் என்றால் காலியாக இருக்கும்போது. இதே பட்டியலில் ரோடு ரோலரும் இருக்கிறது. 7,500 கிலோவுக்குள் இருந்தால், சாலையை நசுக்கும் அந்த இயந்திரமும் சட்டத்தின் பார்வையில் ‘லைட்’!

பல வருஷமாக ஒரு கேள்வி இழுத்துக்கொண்டே இருந்தது. நாம் குட்டி யானை என்று கூப்பிடும் சின்ன சரக்கு வண்டி எடையில் ‘லைட்’. ஆனால், சரக்கு ஏற்றும் வண்டி என்பதால் ‘டிரான்ஸ்போர்ட்’ வாகனம். 1994-ல் சட்டத்தைத் திருத்தி, நடுத்தர, கனரக வாகனப் பிரிவுகளை ஒன்றாக்கி ‘டிரான்ஸ்போர்ட்’ என்று ஒரே பிரிவாக வைத்தார்கள். அந்தப் பிரிவில் ‘லைட்’ வண்டியும் சேருமா என்பதில் குழப்பம். சாதாரண எல்.எம்.வி. லைசென்ஸோடு குட்டி யானை ஓட்டியவர் விபத்தில் சிக்கினால், ‘டிரைவரிடம் சரியான லைசென்ஸ் இல்லை’ என்று இன்சூரன்ஸ் தரப்பு வாதிட்டது. பாதிக்கப்பட்ட குடும்பத்துக்கு முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு வண்டி உரிமையாளரிடம் வசூல் பண்ணிக்கொள்ளுங்கள் என்று உத்தரவான வழக்குகளும் உண்டு. கடனில் ஒரே ஒரு வண்டி வாங்கி ஓட்டுபவருக்கு அது தாங்குமா?

2017-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு ஓட்டுநர்களுக்குச் சாதகமாகச் சொன்னது. விவாதம் ஓயவில்லை. 2024 நவம்பர் 6-ல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு ஒருமனதாக முடித்துவைத்தது: எல்.எம்.வி. லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் இருக்கும் டிரான்ஸ்போர்ட் வாகனத்தையும் ஓட்டலாம், தனி ஒப்புதல் தேவையில்லை. இப்படிப்பட்ட ஓட்டுநர்களால்தான் விபத்து கூடுகிறது என்பதற்குத் தரவு எதுவும் முன்வைக்கப்படவில்லை என்பதையும் நீதிமன்றம் குறிப்பிட்டது.

ஆனால், இது எல்லாவற்றுக்கும் பொருந்தாது. இ-ரிக்‌ஷா, இ-கார்ட், ஆபத்தான பொருட்களை ஏற்றும் வண்டி ஆகியவற்றுக்குச் சட்டம் கேட்கும் கூடுதல் தகுதிகள் அப்படியே தொடர்கின்றன. சொந்தமாகவோ வாடகைக்கோ சரக்கு வண்டியைத் தொடுவதற்கு முன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். அதில் காலி எடை ஒன்று, சுமையோடு சேர்ந்த மொத்த எடை ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். சரக்கு வண்டிக்குப் பார்க்க வேண்டியது இரண்டாவதை. அது 7,500-ஐத் தாண்டி ஒரு கிலோ இருந்தாலும் அந்த வண்டிக்கு உங்கள் எல்.எம்.வி. லைசென்ஸ் செல்லாது.