டவர் இல்லாத மலையிலும் பேசும் வாக்கி-டாக்கி... வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

கம்பம் ஊருக்குள்ள அரிக்கொம்பன் நுழைஞ்சது ஞாபகம் இருக்கா? 2023 மே கடைசியில வந்த அந்த யானை, அப்புறம் ராயப்பன்பட்டி, சண்முகாநதி அணைப் பக்கம் சுத்தியது. ஜூன் 5-ம் தேதி மயக்க ஊசி போட்டுப் பிடித்தார்கள். இதுமாதிரி வேலைகளில் வனத்துறையினர் நம்பும் கருவிதான் வாக்கி-டாக்கி.

இது ராணுவத்திலிருந்து வந்தது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க வீரர்கள் பயன்படுத்திய மோட்டோரோலாவின் எஸ்.சி.ஆர்-536, 2 கிலோவுக்கு மேல் எடை. தரையில் சுமார் ஒரு மைல்தான் எட்டும். சண்டைக்கு ரகசியக் குறியீட்டுப் பாதுகாப்புள்ள ரேடியோக்கள் தனி. முகாம் காவல், வாகன வரிசை, வெள்ள மீட்பு போன்ற வேலைகளுக்கு எளிய கைக்கருவியே போதும்.

போன் இருக்கே, இது எதுக்கு?

உங்க போன் டவர் வழியாகத்தான் பேசும். டவர் இல்லையா, பேச்சும் இல்லை. வாக்கி-டாக்கி நேரடியாக இன்னொரு கருவியோடு பேசும். பட்டனை அழுத்தினால் பேசலாம், விட்டால் கேட்கலாம். ஒருத்தர் பேசுறதை அதே சேனலில் இருக்கும் எல்லாரும் கேட்பாங்க. 2018 மார்ச் 11-ல் குரங்கணி காட்டுத்தீயில் மலையேறியவர்கள் சிக்கியபோது, விமானப்படை ஹெலிகாப்டர்கள் வரை மீட்புக்கு வந்தன. அப்படிப் பல துறைகள் சேரும் இடத்தில் ஒரே நேரத்தில் எல்லாருக்கும் தகவல் போவது உயிர் காக்கும் விஷயம்.

ஆனா, நடுவுல மலை குறுக்கிட்டால் சிக்னல் கட். 'பல கி.மீ. எட்டும்' என்ற விளம்பரம் திறந்தவெளிக் கணக்கு.

நாம வாங்கலாமா?

வாங்கலாம். 446.0 – 446.2 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில், அனுமதித்த குறைந்த சக்தியில் இயங்கும் கருவிக்கு லைசென்ஸ் தேவையில்லை. மற்றவற்றுக்குக் கட்டாயம். விதி மீறிய கருவிகள் ஆன்லைனில் விற்கப்படுவதைத் தடுக்க, 2025-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் தனி வழிகாட்டுதலே கொண்டுவந்தது.

'சும்மா டிரிப்புக்குத்தானே'னு கண்டதையும் வாங்கிடாதீங்க. நீங்க ஜாலியாப் பேசும் சேனல், போலீஸோ மீட்புக் குழுவோ பயன்படுத்துறதா இருக்கலாம். அவங்க அவசரக் குரல் உங்க அரட்டையில் அமுங்கிடும். அலைவரிசை, இ.டி.ஏ சான்று ரெண்டையும் பார்த்துட்டு ஆர்டர் போடுங்க. மலைக்குக் கிளம்பும் முன் வனத்துறை அனுமதியும் வாங்கிடுங்க... அதை எந்த வாக்கி-டாக்கியும் ஈடு செய்யாது!