நெசவாளியைத் தீட்டிய நெஞ்சம்

திருப்பூரின் பனியன் கம்பெனித் தோழர்களே! ஜெர்மனியின் ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் அம்மையாரை நாம் அறிந்திட வேண்டாமா? 1844-இல் வறுமை பொறாது கொதித்தெழுந்த சைலீசிய நெசவாளரை ஆறு படங்களாய்த் தீட்டினார். 1898-இல் பதக்கம் தரச் சொன்னது நடுவர் குழு; மறுத்தான் கெய்சர்! நெசவாளியின் கண்ணீருக்கு மாளிகையிலே ஏது மதிப்பு?

1914-இல் மூண்டது போர். 18 வயது மகன் பீட்டர் களம்புகத் துடித்தான். தடுத்தார் தந்தை, மகனுக்காக வாதாடியது தாய்தான்! அக்டோபரில் பெல்ஜிய மண்ணிலே பிணமானான். மண்டியிட்டு அழும் பெற்றோரைச் சிலையாக்கத் தொடங்கினார்; 1932-இல்தான் முடிந்தது. இதற்கிடையே 1924-இல், இனி வேண்டாம் போரெனக் கை உயர்த்திக் கூவும் சுவரொட்டி. 1933-இல் கலைக்கழகத்தினின்று விரட்டினர் நாஜிகள். 1942-இல் பேரனையும் விழுங்கியது போர். அவன் பெயரும் பீட்டர்! 1945 ஏப்ரலில் அம்மையார் கண்மூடினார். போர் ஓயச் சில நாட்களே இருந்தன.