எண்ணெய் இறங்க வழி விடுங்கள்!

ஓசூரில் லாரி செய்யும் அசோக் லேலண்டு தொழிற்சாலை 1980-ல் ஏற்பட்டது. இன்றைய டீசல் லாரிகளுக்குப் பலம் தருவது "டர்போ". 1905-ல் சுவிட்சர்லாந்து என்ஜினீயர் ஆல்பிரட் புச்சி கண்ட யோசனை அது. என்ஜின் புகையால் சுழன்று, என்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும். நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றுக்கூடச் சுற்றும்!

சிலர் காரிலும் தனியாக டர்போ பொருத்துகிறார்கள். அதற்குள் எண்ணெய் அழுத்தத்தோடு போகும். திரும்பும்போது அழுத்தம் கிடையாது. கூரைத் தண்ணீர் போலத் தானாக வடிய வேண்டும்.

ஆகவே வடிகுழாய் அகலமாக இருக்கவேண்டும். நெடுகச் சரிவாக இறங்கவேண்டும். நடுவில் தொங்கலோ மடிப்போ கூடாது. என்ஜினின் எண்ணெய்த் தொட்டியில், எண்ணெய் மட்டத்துக்கு மேலே சேரவேண்டும்.

இல்லாவிட்டால்? எண்ணெய் தேங்கிக் கசியும். நீலப்புகை கிளம்பும். "டர்போ கெட்டுவிட்டது" என்று புதிது வாங்கிப் போடுவார்கள். பணம் போகும், புகை போகாது!